பயிற்சியாளரையே கேளுங்கள்!

நடுவர் அவர்களே, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலை ஆட்டத்தை விட்டுவிட்டு இந்த அரங்குக்கு வந்திருக்கும் தியாகிகளே, கைப்பேசியை மடியில் மறைத்து வைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் அரைத் தியாகிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நம் அணி தோற்றால் ரசிகர்கள் விரல் நீட்ட வேண்டியது தவறு செய்த ஆட்டக்காரரையா, அவரை அனுப்பி வைத்த பயிற்சியாளரையா? இதுதான் இன்றைய தலைப்பு. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர், "மாமியாரா மருமகளா என்று வைத்திருக்கக் கூடாதா" என்பது போலப் பார்க்கிறார்கள். அம்மா, இதுவும் கிட்டத்தட்ட அதேதான். கரண்டி பிடித்தவள் மருமகள், உப்பு எவ்வளவு என்று சொன்னது மாமியார், குழம்பு கரித்தால் திட்டு யாருக்கு என்பதுதான் வழக்கு.

ஆட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு. எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. போக முடியாது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம், 3 புள்ளி. அதுவும் முடியாது என்றால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம், அது பன்ட். இதில் முக்கியமான சங்கதி, நம் ஊர்க் கால்பந்து போல இது விடாமல் ஓடும் ஆட்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் நிற்கும். நின்றதும் ஓரத்திலிருந்து கட்டளை வரும்: யார் உள்ளே, யார் வெளியே, இடப்பக்கமா வலப்பக்கமா, ஓடுவதா எறிவதா. 2024 முதல், மேல்மட்டக் கல்லூரி அணிகளில் ஒரு ஆட்டக்காரரின் ஹெல்மெட்டுக்குள்ளேயே வானொலி வைத்துப் பயிற்சியாளர் காதோடு பேச அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

எதிரணித் தலைவர் சற்று முன் என்ன கேட்டார்? "பயிற்சியாளர் பந்தைத் தொட்டாரா?" கைதட்டலும் வாங்கினார். ஐயா, காதுக்குள் உட்கார்ந்திருக்கிறவர் எதற்குப் பந்தைத் தொட வேண்டும்?

அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். அலபாமா மாநிலமே இன்னும் ஆறாத ஆட்டம். 2013 நவம்பர் 30. ஆபர்ன் ஊரின் ஜார்டன்–ஹேர் அரங்கம். நாட்டில் முதலிடத்தில் இருந்த அலபாமாவும் நான்காம் இடத்தில் இருந்த ஆபர்னும் மோதின. அலபாமா அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம் வென்ற அணி. 34-28 என்று தோற்றது. எதிரணித் தலைவரின் தீர்ப்பு: "கிக்கர் கேட் ஃபாஸ்டர் 3 உதை உதைத்தார், மூன்றும் போச்சு. ஆட்டமும் போச்சு." சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், 2013-ன் வலி இன்னும் குரலில் இருக்கிறது. மதிக்கிறேன். ஆனால் கணக்கை முழுதாகப் போட்டுவிடலாம்.

அந்த மூன்றில் இரண்டுதான் குறி தவறியவை. மூன்றாவது, ஆபர்ன்காரர்கள் பாய்ந்து தடுத்தது. தடுக்கப்பட்ட உதைக்கு உதைத்தவர் மட்டுமா பொறுப்பு? முன்னால் நின்று மறிக்க வேண்டிய பெரிய உடம்புக்காரர்கள் எங்கே போனார்கள்? இன்னொன்று, எதிரணித் தலைவர் வசதியாக மறந்துவிட்டார். ஃபாஸ்டர் ஒரு உதையைச் சரியாக உள்ளே அனுப்பினார். கூட்டாளி ஒருவர் பந்து நகரும் முன்பே அசைந்துவிட்டதால் அது செல்லாமல் போனது. 5 யார்டு பின்னால் தள்ளி மறுபடி உதைக்கச் சொன்னார்கள், அது வெளியே போனது. அசைந்தவர் பெயர் இந்த அரங்கில் யாருக்காவது தெரியுமா? யாரும் கை தூக்கவில்லை. ஃபாஸ்டர் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

இப்போது நான் குற்றம் சாட்டுகிறவரைக் கூண்டில் ஏற்றுகிறேன்: அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன். நான்காம் கால்பகுதி. அலபாமா 28, ஆபர்ன் 21. ஆபர்னின் எல்லைக்கு 13 யார்டு தூரத்தில், நான்காவது வாய்ப்பில், ஒரு யார்டு தேவை. உதைத்தால் 30 யார்டு உதை. போனால் 10 புள்ளி முன்னிலை, ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. சேபன் உதைக்கவில்லை. ஓட்டக்காரர் யெல்டன் கையில் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். நிறுத்திவிட்டார்கள். சரி, கிக்கர் மேல் நம்பிக்கை இல்லை, அது அவர் உரிமை. ஆனால் அடுத்த முறை பந்து கிடைத்தபோது என்ன செய்தார்? அதே ஃபாஸ்டரை 44 யார்டு உதைக்கு அனுப்பினார்! 30 யார்டுக்கு நம்ப முடியாத காலை 44 யார்டுக்கு நம்பினார். தடுக்கப்பட்டது அந்த உதைதான். ஆபர்ன் அங்கிருந்து வந்து, 32 நொடி மிச்சமிருக்கும்போது ஸ்கோரைச் சமன் செய்தது.

கடைசிக் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். நேரம் முடிந்துவிட்டது என்று கடிகாரம் காட்டியது. இல்லை, ஒரு நொடி மிச்சமிருக்கிறது என்று வாதாடிக் கேட்டு வாங்கியவர் சேபன். அந்த ஒரு நொடியில் 57 யார்டு உதை. இந்த முறை ஃபாஸ்டர் இல்லை, ஆடம் கிரிஃபித் என்ற முதலாண்டு ஆட்டக்காரர். உதை குறைவாகப் போனால் அதைப் பிடித்து எதிரணி ஓடி வரலாம் என்பது விதி. உதைக்கும் அணியில் நிற்பவர்கள் யார்? மறிப்பதற்காக நிறுத்தப்பட்ட மலை போன்றவர்கள். ஓடுகிறவனைத் துரத்த அவர்களால் ஆகுமா? எதிர்ப்பக்கம் ஆபர்ன் பயிற்சியாளர் கஸ் மால்ஸான், நடுவில் கிடைத்த டைம் அவுட்டில் பின்னால் நின்ற ஆளை மாற்றி, கிறிஸ் டேவிஸை எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பந்து குறைவாகத்தான் வந்தது. டேவிஸ் பிடித்தார், 100 யார்டுக்கு மேல் ஓடினார், முடிந்தது கதை. ஒரு பயிற்சியாளர் யோசித்து ஆள் மாற்றினார், இன்னொருவர் கேட்டு வாங்கிய நொடியில் மாட்டிக்கொண்டார்.

ஆனால் அன்றிரவு கொலைமிரட்டல் வந்தது யாருக்கு? கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஃபாஸ்டருக்கு. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கையாலேயே அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. ஃபாஸ்டரின் சட்டை எண் 43, புஷ் நாட்டின் 43-வது அதிபர். "இன்னொரு 43" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். புஷ்ஷோடு எனக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு உண்டு, அது வேறு மேடை. நாடே திட்டுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் எழுதிய கடிதம் அது.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டும், என் அணியின் மொத்த வாதமும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆடம் கிரிஃபித்தை விட்டுவிடாதீர்கள். போலந்தில் பிறந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்து, 13 வயதில் ஜார்ஜியாவில் ஒரு குடும்பம் தத்தெடுத்த பிள்ளை. 2016 ஜனவரி 11, அரிசோனாவில் தேசிய இறுதிப் போட்டி. அலபாமா–கிளெம்ஸன், நான்காம் கால்பகுதியில் 24-24. புள்ளி எடுத்த அணி வழக்கமாகப் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடும். கிரிஃபித் தூரமாக உதைக்கவில்லை. பக்கவாட்டில், ஆளில்லாத இடத்தில், பூப்போலத் தூக்கிப் போட்டார். சக ஆட்டக்காரர் மார்லன் ஹம்ஃப்ரி ஓடி வந்து காற்றிலேயே பிடித்தார். பந்து மறுபடி அலபாமாவுக்கே. இரண்டே ஆட்டம் கழித்து டச் டவுன். 45-40 என்று பட்டம் வென்றார்கள். நம் எதிரணித் தலைவரிடமே கேட்கிறேன்: அன்று யாரைப் புகழ்ந்தீர்கள்? "சேபன் மூளை யாருக்கு வரும்!" ஓரத்தில் நின்று சேபன் சிரித்த சிரிப்பைத்தான் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. துல்லியமாக உதைத்த காலைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

2013-ல் கிரிஃபித் உதைத்துத் தோற்றபோது "கிக்கரின் கால்". 2016-ல் அதே கிரிஃபித் உதைத்து வென்றபோது "பயிற்சியாளரின் மூளை". வெற்றி என்றால் முடிவெடுத்தவருக்கு, தோல்வி என்றால் உதைத்தவருக்கு என்று கணக்கு எழுதும் ரசிகர்களிடம்தான் நாங்கள் வழக்காடுகிறோம். பாராட்டு போகும் விலாசத்துக்கே பழியும் போகட்டும் என்கிறோம். சேபன் பெரிய பயிற்சியாளர், அதில் சண்டையே இல்லை. பெரியவர் என்பதால்தான் பெரிய கேள்விகளை அவரிடம் கேட்கச் சொல்கிறோம்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், தங்கை, நன்றாகப் பேசினார். மிச்சிகன் கதையைச் சொன்னார். 2015 அக்டோபர் 17, ஆன் ஆர்பர். மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21, மிச்சம் 10 நொடி. பன்ட் உதைக்க வந்த பிளேக் ஓ'நீல் பந்தைச் சரியாகப் பிடிக்கவில்லை, நழுவியது, எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்ஸன் எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன். 27-23. "பந்து நழுவினால் அதன் மேல் விழு, இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார் தங்கை. உண்மை. விழுந்திருக்கலாம்.

ஆனால் ஓ'நீலிடம் வந்த பந்தே தாழ்வாக வந்தது. மிச்சிகன் ஸ்டேட் பந்தைத் திரும்ப வாங்க ஆள் நிறுத்தாமல் எல்லோரையும் முன்னால் குவித்துப் பாயத் தயாராக நின்றது. அரங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, ஓரத்தில் நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். நிறுத்தி, அமைப்பை மாற்றி, "நழுவினால் விழுந்துவிடு" என்று சொல்லி அனுப்புவது யார் வேலை? இன்னொரு விஷயம், தங்கை. அதே ஆட்டத்தில் அதே ஓ'நீல் 80 யார்டு பன்ட் ஒன்று உதைத்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாணவர். அன்றிரவு அவரைச் சாகச் சொல்லி எழுதினார்கள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஜிம் ஹாக்கெட் ரசிகர்களுக்குத் திறந்த கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பந்தை எடுத்து ஓடிய வாட்ஸ்-ஜாக்ஸனோ, கொண்டாட வந்த கூட்டாளிகள் மேலே விழுந்த குவியலில் இடுப்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனார். வென்றவர் மருத்துவமனையில், தோற்றவர் நரகத்தில்.

முழுக்க முழுக்க ஆட்டக்காரரின் தவறு என்று ஒன்று இல்லவே இல்லையா என்று நடுவர் புருவத்தை உயர்த்துகிறார். உண்டு. எதிரணி சொல்லாமல் விட்டதை நானே எடுத்துக் கொடுக்கிறேன், அவர்கள் வீட்டுப்பாடம் சரியாகச் செய்யவில்லை. 2014 நவம்பர், யூட்டா–ஓரிகன். யூட்டாவின் கேலின் கிளே பந்தைப் பிடித்து ஏறக்குறைய 80 யார்டு ஓடினார். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்து, கொண்டாட்டத்தில், கோட்டுக்கு ஒரு யார்டு முன்பே பந்தைக் கீழே விட்டுவிட்டார்! கூட்டாளிகள் அவரைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், ஓரிகன்காரர் ஜோ வாக்கர் பந்தை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓடுகிறார். 14-0 ஆக வேண்டியது 7-7. இதற்குப் பயிற்சியாளரைக் குறை சொன்னால் என்னை நீங்களே கீழே இறக்கிவிடுங்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவு என்ன? ஓரிகன் 51, யூட்டா 27. கிளேயின் தவறைத் துடைத்துவிட்டு, யூட்டாவுக்கு 7 கூட்டி, ஓரிகனில் 7 கழியுங்கள். 44-34. அப்போதும் தோல்விதான்! ஃபுட்பால் வரலாற்றின் மிகச் சிரிப்பான தவறுகூடத் தனியாக நின்று அந்த ஆட்டத்தைத் தோற்கடிக்கவில்லை.

பாய்சி ஸ்டேட் கதையும் அப்படித்தான். 2010 நவம்பரில் நெவாடாவிடம் 34-31. கைல் பிராட்ஸ்மன் 30 யார்டுக்கும் குறைவான இரண்டு உதைகளைக் கடைசியில் தவறவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடைவேளையில் 24-7 என்று முன்னிலையில் இருந்த அணி அந்த நிலைக்கு எப்படி வந்தது? நெவாடாவில் காலின் கேப்பர்னிக் என்று ஒரு குவாட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர், இருந்தார்; இரண்டாம் பாதியில் அவரை நிறுத்த வழி தெரியவில்லை. அதை யாரும் பேச மாட்டார்கள், ஏனென்றால் அதற்கு ஒரே ஒரு முகம் கிடையாது.

அடுத்து பணம். "இப்போதெல்லாம் இவர்கள் மாணவர்களா? காசு வாங்குகிறார்கள், திட்டும் வாங்கட்டும்" என்றார் எதிரணித் தலைவர். தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க ஆட்டக்காரர்களுக்கு அனுமதி வந்ததே 2021 ஜூலையில்தான். ஃபாஸ்டரும் ஓ'நீலும் அந்தக் காசைப் பார்க்காமலே திட்டை வாங்கினார்கள். 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டு, எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து. இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வையுங்கள். 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு! காசுதான் அளவுகோல் என்றால், நன்றி, எங்கள் கட்சியே ஜெயித்தது.

இந்தப் பணப் பேச்சில் ஒரு நிழல் இருக்கிறது, தொட்டுவிட்டுப் போகிறேன். 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மாநிலம் மாநிலமாகப் பந்தயச் சூதாட்டம் சட்டபூர்வமாகிவிட்டது. இன்றைக்குக் கிக்கரைத் திட்டுபவரில் எத்தனை பேர் ரசிகர், எத்தனை பேர் பணம் கட்டி இழந்தவர்? தனித்தனி மாணவர் எத்தனை யார்டு ஓடுவார் என்றெல்லாம் பந்தயம் வைப்பதைத் தடை செய்யுங்கள் என்று கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கரே 2024-ல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். இன்றைய தலைப்பு அது இல்லை, விட்டுவிடுகிறேன்.

முதல் மணி அடித்துவிட்டார்கள். கடைசி சாட்சி. அட்லாண்டாக்காரர்கள் கைதட்டத் தயாராகலாம், உங்கள் ஜார்ஜியா டெக்தான் வருகிறது.

2023 அக்டோபர் 7. மயாமி 20, ஜார்ஜியா டெக் 17. பந்து மயாமியிடம். மிச்சம் 33 நொடி. ஜார்ஜியா டெக்கிடம் ஆட்டத்தை நிறுத்த டைம் அவுட் ஒன்றுகூட இல்லை. பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த நிலையில் ஒரு அணி செய்ய வேண்டியது, குவாட்டர்பேக் பந்தை வாங்கித் தரையில் ஒரு முட்டியை வைப்பது. அவ்வளவுதான். கடிகாரம் தானாக ஓடி முடியும், எல்லோரும் கைகுலுக்கி வீட்டுக்குப் போகலாம். பள்ளிக்கூட அணிகூடச் செய்வது. மயாமி பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபல், 10 ஆண்டுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தவர், மண்டியிடச் சொல்லவில்லை. ஓடச் சொன்னார். டான் சேனி ஓடினார், முட்டினார்கள், பந்து நழுவியது. மிச்சமிருந்த 26 நொடிக்குள் ஜார்ஜியா டெக் 74 யார்டு கடந்து, ஒரு நொடி மிச்சமிருக்கும்போது 44 யார்டு பாஸில் டச் டவுன். 23-20. ஆட்டம் முடிந்ததும் மண்டியிட்டிருக்க வேண்டும் என்று கிறிஸ்டோபலே சொன்னார்.

எதிரணி இதற்கும் சொல்லும்: "பந்தை இறுக்கிப் பிடிக்காதது சேனியின் தவறுதானே?" ஆம். அந்த நேரத்தில் ஓட வேண்டிய தேவையே இல்லாத ஒருவரின் தவறு.

இது முதல் முறையாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். 2018 செப்டம்பர், ஓரிகன்–ஸ்டான்ஃபோர்ட். ஓரிகன் 31-28 முன்னிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஓரிகன் ஓடுகிறது, சி.ஜே. வெர்டெல் கையிலிருந்து பந்து நழுவுகிறது, ஸ்டான்ஃபோர்ட் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 38-31 என்று வெல்கிறது. வெர்டெலை அன்று என்னென்ன சொன்னார்கள்!

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எனக்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. 2018-ல் ஓரிகன், 2023-ல் மயாமி. ஒன்று மேற்குக் கரை, ஒன்று கிழக்குக் கரை. நடுவில் 5 ஆண்டு. பந்தை நழுவவிட்டவர்கள் வேறு வேறு, குவாட்டர்பேக் வேறு, சட்டை நிறம் வேறு. இரண்டு நாளும் ஓரத்தில் நின்று கட்டளை கொடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார்? பெயரை மட்டும் மைக்கில் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.